உப்பின் மேல் ஒரு பாரசீகக் கம்பளம்

எண்ணூர் பங்களா ஏலத்தில் எடுத்த பழைய பாரசீகக் கம்பளத்தோடு கால்வாய் வழியே உப்புப் படகில் பேசின் பிரிட்ஜ் போகிறேன். அசல்தானா, நனைந்தால் சாயம் போகும் போலியா என்று வழியெல்லாம் கவலை. திருவொற்றியூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்கிறது.

"நைனா, அந்த ஜமுக்காளத்த உப்பு மேல போடு!" என்று கத்துகிறார் படகோட்டி.

"ஜமுக்காளமா? பாரசீகம் ஐயா! முடிச்சு முடிச்சாகக் கையால் போட்டது!"

"இன்னாவா இருந்தா இன்னா? உப்பு கரைஞ்சிகினு கீது!"

மனமில்லாமல் விரிக்கிறேன். கொட்டித் தீர்க்கிறது. மழை விட்டதும் ஆளுக்கொரு முனையாகத் தூக்குகிறோம். உப்பு வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. கம்பளத்தின் சிவப்பு ஒரு பொட்டுகூட இறங்கவில்லை.

"அசல்! அசல்!" என்று நான் குதிக்க, படகு சாய்கிறது.

"குந்து நைனா! மழைக்குத் தப்புன உப்ப கால்வாயில கொட்டிடாத!"