மருத்துவமாது திரும்பப் பார்த்த வீடியோ

நெடுந்தீவில் நாங்கள் இருந்தபோது எங்கள் பகுதிக்குக் கர்ப்பிணிகளையும் பிள்ளைப்பேற்றையும் கவனிக்கும் ஒரு மருத்துவமாது இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடிதான் பேசுவார். புதிதாக எந்தக் கருவி வந்தாலும் கை பழகும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது.

ஒரு காலை, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி, வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று அழுதாள். கடல் கொந்தளிப்பால் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு ஓடவில்லை. அழைத்ததும் அவர் ஸ்கூட்டியில் வந்தார். கையில், பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் சிறிய கருவி. சுகாதாரத் திணைக்களம் அதை அவருக்குக் கொடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

வயிற்றில் வைத்தார். வெறும் இரைச்சல். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அந்தரப்படாதேங்கோ பிள்ளை. மிசின் எனக்கும் புதுசு. நான் இடம் மாறி வைச்சிருப்பன்” என்றவர், எங்கள் முன்னாலேயே கைபேசியில் அந்தக் கருவிக்கான பயிற்சி வீடியோவை முதலிலிருந்து பார்த்தார். கூச்சப்படவே இல்லை. ஓரிடத்தில் நிறுத்தி, திரும்பவும் பார்த்தார். பிறகு கருவியைச் சற்றுக் கீழே நகர்த்தினார்.

குதிரை ஓடுவதுபோல் துடிப்புச் சத்தம் அறையை நிறைத்தது. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

தேநீர் கொடுத்தபோது கேட்டேன்: “பென்சன் எடுக்கிற நேரத்தில உதெல்லாம் ஏன் அக்கா படிக்கிறியள்?”

“பென்சன் எனக்குத்தானே தம்பி. பிள்ளையள் பிறந்துகொண்டுதானே இருக்கும்.”

மறுநாள் கடல் அடங்கி யாழ்ப்பாணம் போனோம். பிள்ளை சுகம் என்றார்கள். அந்த நேரத்தில் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒருவரை எப்படி அவ்வளவு நம்பினோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.