மரங்கொத்தி தப்பும்வரை திறக்காத கேட்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். அங்கே ஒல்லியான காவலாளி ஒருவர் இருந்தார். உள்ளே வரும் லாரிக்கும் சலாம் வைப்பார்.

ஒருநாள் காலையில் வாசல் தென்னையிலிருந்த மரங்கொத்தியைத் தாக்க வல்லூறு வந்தது. மரங்கொத்தி பறக்காமல், தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்து நகர்ந்து ஒளிந்தது. அந்நேரம் பார்த்து மேனேஜரின் கார் வெளியே ஆரன் அடித்தது.

“ஆரன் அடிக்காதீங்க சார். மெரண்டு பறந்துச்சுன்னா வல்லூறு தூக்கினு பூடும்” என்ற காவலாளி, வல்லூறு போகும்வரை கேட்டைத் திறக்கவில்லை.

மாலையில் விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. என்னிடம் வந்து, நடந்ததை அப்படியே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, “மரங்கொத்தி தப்பிச்சிக்கிச்சுன்னு போடலியே சார்” என்றார். அதையும் சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அவரைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அங்கே மரம் கிடையாது.