பானைக்குள் ஒரு தேங்காய்

என் ஃபோர்வீல் வண்டியின் பின்புறம், சோற்றுப் பானைக்குள் ஒரு தேங்காய் இருக்கிறது. துண்டு சுற்றி, மூடி போட்டு, பானையை வாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அது மடியில் இருப்பதாக என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன். மீன்பிடிப் படகு, லாரி, பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்கும் வேலை என்று எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. மழையில் லாரிக்கு அடியில் படுத்திருக்கிறேன். அது பெரிய விஷயமில்லை. ஒரே இடத்தில் உட்காருவதுதான் முடியாது. மனைவியின் அண்ணன், என் மச்சான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர். என் நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "ரெண்டு நாள் காட்டுல அலைய விட்டா, ரெண்டு மாசத்துக்கு ஓடமாட்டான் உன் புருஷன்" என்று தங்கையிடம் சொல்லி என்னை மலைக்கு அழைத்துப் போவார்.

சாமான் ஏற்ற அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். தண்ணீர்க் கேன்கள் அடியில், முன் இருக்கையின் முதுகோடு ஒட்டி. சமையல் கேஸ் தோம்பு நிமிர்த்திக் கட்டப்படும். லேசானவை மேலே, எல்லாவற்றுக்கும் மேல் வலை. மருந்துப் பெட்டியும் இழுவைக் கயிறும் கைக்கு எட்டும் இடத்தில். கூரையில் தார்ப்பாய் மட்டும். "மேல பாரம் ஏத்துனா, சாயறதுக்கு எடம் தேடிக்கிட்டே வரும் காடி" என்பார். கடைசியாகக் கதவுச் சட்டத்தைப் பிடித்து வண்டியை ஆட்டுவார். உள்ளே ஏதாவது இடித்தால் ஒரே சொல்தான்: "எறக்கு." ஒரு தகரக் குவளைக்காக எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறோம். நான் எஞ்சினை ஓடவிட்டு ஹார்ன் அடிப்பேன். "மலை எங்கயும் ஓடிடாதுலா மாப்ள. நீதான் ஓடுவ."

ஒருமுறை வலை கட்டி முடித்த பிறகு மனைவி தேங்காயோடு வந்தாள். மலையைத் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கும் முனீஸ்வரருக்கு. "சாமிக்கு உள்ளது. சப்பாத்து கெடக்குற எடத்துல வைக்காதீங்க, மடியில வச்சுக்குங்க."

"குடு, கட்டிடலாம்" என்றார் மச்சான்.

"சாமி தேங்காய கயிறு போட்டுக் கட்டுவீங்களா? அப்புறம் முனி உங்களக் கட்டும் மச்சான்."

அவரும் சிரித்துவிட்டார். என் பேச்சுக்கு அவர் சிரிப்பது அபூர்வம்.

மலையின் மறுபுறம் மச்சான் வண்டியை இறக்கும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. தேங்காய் என் மடியிலிருந்து துள்ளி, கியரைத் தாண்டி அவர் காலடிக்குப் போனது. குனிந்து துழாவினேன். அதற்குள் அது பிரேக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டது. மிதி இறங்கவில்லை. பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் அவர் வண்டியை மண்சுவரில் மோதினார். ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். பின்னால் ஒரு சாமான்கூட நகரவில்லை. உடைந்தது அவருடைய வலது கணுக்கால்.

எப்படி ஆனது என்று மருத்துவமனையில் மனைவி அழுதுகொண்டே கேட்டாள். "மண்ணு ஈரம்லா. டயர் வழுக்கிடுச்சு" என்றார் மச்சான், என்னைப் பார்த்துக்கொண்டே. உண்மையைச் சொன்னால் பாதிப் பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொள்வாள் என்பது எனக்குப் புரிந்தது. அவளுக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொல்ல ஆசைதான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

தொழிற்சாலையில் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். அந்தக் காலால் இப்போது வண்டி ஓட்ட முடியாது. வண்டியை எனக்கென்று விட்டு, சாவியை என் கையில் வைத்தார்.

இன்று காலையும் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் நானே ஏற்றிக் கட்டினேன். கிளம்பச் சொல்லிக் கால்கள் பரபரத்தன. மச்சான் பக்கத்து இருக்கையில் ஏறியதும் மனைவி தேங்காயை நீட்டினாள். "மடியில வச்சுக்கண்ணே."

"சரிம்மா."

தெருமுனையில் வண்டி திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். முனையைக் கடந்து காப்பிக்கடை ஓரம் போனதும், "நிறுத்து மாப்ள" என்றார். பின்கதவைத் திறந்து, வலையை அவிழ்த்து, தேங்காயைப் பானைக்குள் வைத்துக் கட்டினேன். மச்சான் நொண்டியபடி வந்து கதவுச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். பானைக்குள் லேசாக இடித்தது.

"எறக்கு."

இறக்கினேன். துண்டை இன்னொரு சுற்று சுற்றினேன்.