அகலப் படகு இறங்கிய வாசல்

போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட்டில் பழைய தார் ரோடு ஒன்று நேராகக் கடலுக்குள் போகிறது. யாரும் வேண்டுமென்று அப்படிப் போடவில்லை. சுனாமி வந்த அன்று பூமி அப்படியே உட்கார்ந்துவிட்டது. வயலும் வீடும் ரோடும் கூடவே உட்கார்ந்தன. புது ரோட்டை மண்ணடித்து உயர்த்திப் போட்டாகிவிட்டது. பழையது மட்டும் மொட்டைத் தென்னைகளுக்கு நடுவே சரிந்து, தண்ணீருக்குள் நுழைந்து, எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறது. பட்டப்பகலில் பார்த்தாலும் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

அந்த ரோட்டில் டிங்கி என்கிற சின்னப் படகுகளை இறக்குவதுதான் ஐயாவு அண்ணனின் பிழைப்பு. ஒரு காலத்தில் அதே டிராக்டரால் அங்கே நெல்வயல் உழுதவர். வயலை உப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டதும் கலப்பையைக் கழற்றிவிட்டு டிராலியை மாட்டினார். மீன்பிடிக்கிறவர்களின் டிங்கியைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளி மிதக்கவிட்டு வருவார். ரோட்டின் இடப்பக்கம், கடைசித் தென்னையைத் தாண்டி, அவர் வீடு இருந்தது. கடல் வற்றம் அதிகமான நாட்களில் அதன் வாசற்படி தலைநீட்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். யாராவது அங்கே போய்ச் சேற்றைக் கிளறிக் கிளிஞ்சல் பொறுக்கினால் மட்டும் சாமி வந்தவர் போலக் கத்துவார். கடல் ஏற்றம் நிறைகிற நாட்களில் அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நான் பாலகுமார், புரோத்ராபூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பேய் என்று யாராவது சொன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிற ஆள். இப்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

முபாரக் வந்துதான் எல்லாம் கிளம்பியது. போர்ட் பிளேர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. டூரிஸ்டுகளை ஏற்ற ஒரு பாய்மரப் படகு கட்டினான். சாதாரணப் படகு இல்லை. ஒல்லியாக இரண்டு உடல், நடுவே வெற்றிடம், மேலே சேர்த்துப் பிடிக்கும் குறுக்குத் தண்டுகள். நம் ஆட்கள் நாலு கட்டையைக் கயிற்றால் கட்டிப் போன கட்டுமரம்தான் இங்கிலீஷ் படித்து உடம்பு பெருத்துத் திரும்பி வந்திருக்கிறது என்று அவனைக் கேலி செய்தேன். என் பட்டறைக்கு எதிர் கொட்டகையில் உருவான அதைத் தனித்தனி உடலாக லாரியில் ஏற்றி, மின்கம்பிக்கு அடியில் குனிந்து குனிந்து சிப்பிகாட் கொண்டுவந்து, ரோட்டு முனையில் வைத்துப் போல்ட் போட்டு முடுக்கினோம். முடுக்கி முடித்ததும் அகலம் பதினெட்டு அடி. ரோடு பத்தடி.

தலைவலி எனக்குத்தான். ஒவ்வொரு உடலுக்கும் அடியில் ஒரு சக்கரம் வருகிற மாதிரி அகல டிராலி ஒன்றைச் செய்தேன். ஒரு சக்கரம் தாரில் ஓடினால் மற்றது ரோட்டை விட்டு இறங்கியே ஆக வேண்டும். வலப்பக்கம் பழைய வாய்க்கால். கால் வைத்தால் இடுப்புவரை புதையும். மிச்சம் இடப்பக்கம், ஐயாவு அண்ணன் வீட்டு வாசல். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று மூங்கிலை எடுத்துக்கொண்டு இறங்கி வாசலைக் குத்திப் பார்த்தேன். தரை கெட்டியாக இருந்தது. நாலாவது இடம் குத்தியதும் அண்ணன் ஓடிவந்து மூங்கிலைப் பிடுங்கினார்.

"போதும் பாலா. குத்தாத. குத்தாதன்றேன்ல!"

வீடு போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அமாவாசை அன்று காலை ஏற்றம் நிறைந்தது. டிராக்டர் பின்னால் நகர, படகு மெல்லத் தண்ணீரை நோக்கிச் சரிந்தது. வலது சக்கரம் தாரில், இடது சக்கரம் நான் போட்ட இரும்புத் தகட்டில். கடைசித் தென்னையைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தார். நாலு முழம் போகவில்லை, நின்றது. மூன்றாவது தடவையும் அதே இடம். வேடிக்கை பார்த்தவர்கள் "பூத் ஹை, பூத் ஹை" என்று பேயைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து அவர் கை தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தது அவரேதான். அதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. படகை மேலே இழுத்துக்கொண்டோம்.

"அரே அண்ணே, சீசன் போயிடும்" என்று முபாரக் குதித்தான். "அடுத்த பௌர்ணமிக்கு இறங்கலன்னா நான் ஜேசிபி கொண்டாந்து அந்த சைடு முழுக்கத் தோண்டி ஜல்லி போட்டு லெவல் பண்ணிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

ஜேசிபி என்ற சொல்லைக் கேட்டதும் ஐயாவு அண்ணன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முபாரக் போனபிறகு நான் நேராகவே கேட்டேன். "குமிழ இழுத்தது நீங்கதான். ஏண்ணே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தலைச்சன் ஆம்பளப் புள்ள. பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான். தலைச்சன் மண்டையோட்டுக்கு மந்திரவாதிங்க அலைவானுங்க, பொதச்ச எடத்துல கல்லு வைக்காத, பெத்தவகிட்டகூடச் சொல்லாதன்னு பெரியவங்க சொன்னாங்க. என் கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்னு வாசல்ல பொதச்சேன். எம் பொண்டாட்டி நீலாவதிகிட்ட மேட்டுப் பாக்குத் தோப்புலன்னு சொல்லிட்டேன்."

நான் கேட்டேன். "சுனாமிக்கப்புறமாவது அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே. கடலுக்குள்ள வந்து எந்த மந்திரவாதி தோண்டப் போறான்?"

"வீட்டுக்குள்ள தண்ணி ஏறுனப்ப ரெண்டு பேரும் மேட்டுல நின்னோம். அவ என்ன சொன்னா தெரியுமா? வீடு போனா போகுது, புள்ள மேட்டுல இருக்கான், தண்ணி அவனத் தொடலன்னா. அதுக்கு மேல எந்த வாயால சொல்றது, நீயே சொல்லு."

இருபது வருஷத்துக்கு மேலாக நீலாவதி அக்கா அந்தப் பாக்குத் தோப்பில் பூ வைக்கிறார். மழை பெய்தால், "அவனுக்குக் குளிரும்" என்று தார்ப்பாய்கூடக் கட்டியிருக்கிறார். இவர் இருபது வருஷமாகக் கீழே ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள், சொல்லாவிட்டால் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். டிங்கிக்குப் பத்தடி ரோடு போதும். அதனால் இத்தனை நாள் ஒரு சக்கரமும் வாசலுக்குள் போகவில்லை. என் பதினெட்டு அடி டிராலிதான் முதன்முதலாக உள்ளே போகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. மூங்கிலால் நாலு இடம் குத்தினேனே, அதில் ஒன்று எங்கே பட்டது? கெட்டியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேனே. பட்டறையில் முகமூடியை இறக்கினால் அந்த இருட்டுக்குள் மூங்கில் முனைதான் தெரிந்தது. வேலையாள் கூப்பிட்டால் திடுக்கிட்டேன்.

வழியை ஐயாவு அண்ணனே கண்டுபிடித்தார். படகுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. பிள்ளை இருக்கிற இடம் வந்ததும் டிராலியை இடப்பக்கம் திருப்பி ஒடித்தால், ஒரு சக்கரம் பிள்ளைக்கு அந்தப் பக்கம், ஒரு சக்கரம் இந்தப் பக்கம் போகும். மேலே நிழல் மட்டும் விழும். ஒடித்த கையோடு நேராக்கிவிட வேண்டும், இல்லையென்றால் இடது சக்கரம் வீட்டு அஸ்திவாரக் கல்லில் ஏறிவிடும். அகல டிராலியைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ளும்போது ஒடிப்பது விளையாட்டில்லை. ஒரு பக்கம் முந்தி மிதந்து மறுபக்கம் தரையில் நின்றால் குறுக்குத் தண்டு முறுகும். முறிந்தால் படகும் போச்சு, மறுநாளே ஜேசிபியும் வரும். இரும்புத் தகடுகளை அந்த வளைவுக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போட்டேன். முபாரக்கிடம் கீழே கல் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

பௌர்ணமி காலை. தண்ணீர் கலங்கி, நிரம்பி, அசையாமல் நின்றது. நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை, நீலாவதி அக்கா டிபன் கேரியரோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "அவரு காலைல ஒண்ணுமே சாப்பிடல தம்பி" என்றார். டிராக்டர் மேலிருந்து அண்ணன் அக்காவைப் பார்த்தார். நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தவில்லை.

பின்னால் போனார். தென்னையைத் தாண்டினார். நான் சொன்ன கல்லைப் பதற்றத்தில் மறந்த முபாரக் படகின் மேல் நின்று, "சீதா! சீதா பீச்சே வாங்க!" என்று நேராகப் பின்னால் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் காதில் எதுவும் விழவில்லை. கழுத்தைத் திருப்பித் தண்ணீரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். டிராலி இடப்பக்கம் வளைந்தது. அங்கே ஒரு குச்சி இல்லை, ஒரு குமிழி இல்லை, வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீரை இரண்டு உடலுக்கும் நடுவே விட்டு, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி மெதுவாகப் போனார். பிறகு நேராக்கினார். குறுக்குத் தண்டு ஒருமுறை முனகியது. எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டு உடலும் ஒன்றாக மிதந்தன. கரையில் கைதட்டினார்கள்.

"அங்க என்ன தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"கல்லுக்கா."

"அது என் வாசல். தெனம் நான் கூட்டுன எடம். அங்க கல்லு ஏது?" கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த எடத்துல ஒரு செடி நட விடமாட்டாரு இந்த மனுஷன். சண்டையே போட்டிருக்கோம்."

அக்கா டிபன் கேரியரை என் கையில் திணித்துவிட்டுத் தார் ரோட்டில் இறங்கி நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. டிராலி வளைந்த இடத்துக்கு ஓரடி முன்னால் நின்றார். அதற்குமேல் கால் வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐயாவு அண்ணன் எஞ்சினை அணைத்தார். இறங்கித் தண்ணீரில் நின்றார். என்ன சொல்லித் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தவர் மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"ஏங்க" என்றார் அக்கா. "தல எந்தப் பக்கம் வெச்சீங்க?"

அண்ணன் கையை நீட்டித் தெற்கே காட்டினார். அக்கா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், முகம் நனையக் குனிந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டார்.