மாஸ்டருக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் ஊர் விளையாட்டுக்கழகத்தின் லண்டன் கிளையில் இன்றுவரை ஒருவரையும் விலக்கியது கிடையாது. வேண்டாதவரைப் போஷகர், அதாவது கௌரவப் புரவலர், ஆக்கிவிடுவோம். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, "இவரது தன்னலமற்ற சேவையைப் பாராட்டி" என்று தொடங்கி நாலு வார்த்தை பேசினால் காரியம் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அறிவித்தல் போகாது. எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பொன்னாடை தோளில் விழும்போதே விளங்கிவிடும். வீட்டுக்குப் போய் இரண்டு கிழமை எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு அடங்கிவிடுவார்கள். இப்போது எங்களுக்கு ஏழு போஷகர்கள். அதில் ஒருவர் இத்தாலிக்காரர். அவரைப் போஷகர் ஆக்கும்படி பிரேரித்தவன் நான்.

நான் தபால்காரன். நோர்பரியில் வீடு, பக்கத்து வீதிகளில் வேலை. வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் உதைபந்தாட்ட அணியில் ஸ்டொப்பராக விளையாடுகிறேன். கோல் காப்பவருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். பதினொரு வருடமாக அந்த இடம் என்னுடையது. கிழமையில் ஆறு நாள் மற்றவர்களின் கதவுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு, தனக்கென்று நிற்க ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாருக்கும் சொன்னதில்லை.

நாங்கள் பயிற்சி எடுப்பது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். அந்தப் பள்ளிக்கூடத்தின் கெயார்டேக்கர்தான் இத்தாலிக்காரர். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கேற்றைத் திறந்துவிடுவார், பன்னிரண்டுக்குப் பூட்டுவார். இடைப்பட்ட நேரத்தில் கம்பி வேலியில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அறுபதை நெருங்கும் வயது, உயரமான ஆள், இரண்டு தரம் உடைந்த மூக்கு. நாலைந்து மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் உள்ளே வந்து, "எல்லாரும் பந்தையே பார்த்தால் எதிரியை யார் பார்ப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. கேட்டது நியாயம் என்பதால் கூடுதலாக வந்தது.

விசாரித்தபோதுதான் அவர் ஆடியவர் என்பது தெரிந்தது. வட இத்தாலியில் ஆற்றங்கரையோரச் சிறு பட்டணம் ஒன்றில் பிறந்தவர். மூன்றாம், நான்காம் பிரிவு அணிகளில் பதினாலு வருடம் பின்களத்தில் நின்றவர். இரண்டாம் பிரிவில் நாலு ஆட்டம். அந்த நாலையும் நாற்பதுபோலச் சொல்வார். அதில் ஒன்றில் பேர்போன முன்கள வீரன் ஒருவனை எழுபது நிமிடம் மூச்சுவிடாமல் மறித்தாராம். பிறகு இவரை வெளியே எடுத்தார்கள், அவன் இரண்டு கோல் போட்டான். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். தன் அணி தோற்ற ஆட்டத்தில் ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆடுவதை நிறுத்தியபின் அங்கேயே சின்ன அணிகளுக்குக் கோச். ஒரு கிராமத்து அணியை இரண்டு படி மேலே கொண்டுபோனார். மூன்றாம் வருடம் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும், கழகத் தலைவர் இவருக்குச் சொல்லாமல் இவருடைய மனைவிக்குப் போன் எடுத்து, உங்கள் கணவர் நாளை வரவேண்டியதில்லை என்றாராம். கொஞ்ச நாளில் அந்த மனைவியும் போய்விட்டார். மகள் லண்டனில் இருந்ததால் இவர் இங்கே வந்தார். தெரிந்த தொழிலுக்கு இங்கே ஆள் தேவைப்படவில்லை, சாவிக்கொத்துக்குத் தேவைப்பட்டது.

எங்களைப் பழக்கும்படி நாங்களே கேட்டோம், அவர் 'மாஸ்டர்' ஆனார். முதல் மூன்று கிழமை பந்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. பின்களத்தில் நிற்கும் நாலு பேரின் இடுப்பையும் ஒரே கயிற்றால் கட்டி, ஒருவர் நகர்ந்தால் நாலு பேரும் நகரவேண்டும் என்றார். தொந்தியும் தொப்பையுமாக நாங்கள் நாலு பேரும் அங்குமிங்கும் இழுபட்டபோது, வீதியால் போன ஓர் அக்கா வேலியடியில் நின்று, "என்ன தம்பிமார், தேர் இழுக்கப் பழகிறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று எனக்கு மானம் போயிற்று. ஆனால் மூன்றாம் கிழமை முடிவில், பக்கத்தில் நிற்பவன் எங்கே என்று திரும்பிப் பார்க்காமலே தெரியத் தொடங்கியது. "பந்து பொய் சொல்லும், ஆளின் கால் பொய் சொல்லாது. காலைப் பார்" என்பது மாஸ்டரின் ஒரே பாடம். 'பின்னுக்கு' என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் பாடமாக்கி வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்கக் கத்துவார்.

அந்தக் கோடையில் ஊர்க்கழகங்களுக்கு இடையிலான சுற்றுப்போட்டி வந்தது. அதுவரை முதல் சுற்றிலேயே தோற்று, பதினொரு மணிக்கெல்லாம் கொத்துரொட்டிக் கடைக்கு முன்னால் நிற்கிற அணி நாங்கள். அம்முறை ஒரு கோலும் வாங்காமல் அரையிறுதிக்குப் போனோம். எங்கள் தலைவருக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, முன்களத்தில் ஆடுவார், ஆடுவார் என்பதைவிட எதிரணிக் கோல் காப்பவரோடு கதைத்துக்கொண்டு நிற்பார் என்பது பொருத்தம். மாஸ்டர் அவரைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இறக்கினார்.

அரையிறுதியன்று கார்த்தரிப்பிடத்தில் மாஸ்டர் என்னைத் தன் வான் வண்டிக்குள் கூப்பிட்டார். நான் இன்னும் பூட்ஸ் போடவில்லை.

"இன்றைக்கு நீ ஆடவில்லை. உன் வலது முழங்கால் பிந்தித் திரும்புகிறது. உனக்கும் அது தெரியும்."

எனக்குத் தெரியும்தான். படியிறங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்தது. "இல்லை" என்றேன்.

அவர் முப்பத்துமூன்று வயதில் தனக்கு நடந்ததைச் சொன்னார். ஒரு ஞாயிறு உடைமாற்றும் அறைக்குப் போனபோது, வழக்கமாகத் தன் சட்டை தொங்கும் ஆணியில் சட்டை இல்லை. கோச் குனிந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதோடு ஆட்டம் முடிந்தது.

"நான் கோச்சானால் முகத்தைப் பார்த்துச் சொல்வேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அதுதான் நீ பூட்ஸ் போடமுதல் கூப்பிட்டேன்."

வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர்களை எங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்வோம். அது அடுத்தவனை வெட்டும்வரைதான். அன்று முழுக்க நான் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றேன். என் இடத்தில், ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த ஒரு பல்வைத்தியர் நின்றார். நன்றாகவே நின்றார். அரையிறுதியில் வென்றோம், அன்று பின்னேரம் இறுதியாட்டத்திலும் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். எல்லாரும் துள்ளினார்கள். நானும் துள்ளினேன், முழங்கால் நொந்தது. மனதுக்குள், கடைசி நிமிடத்தில் அந்தப் பல்வைத்தியர் ஒரு பிழை விட்டிருந்தால் என்ன என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

அடுத்த மாதம் நிர்வாகக்குழு கூடியது. ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி. தலைவர் கோப்பையை மேசை நடுவில் வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"கப் வந்திட்டுது தம்பிமார். இனி எங்கடை ஆக்களே பாத்துக்கொள்ளலாம். வாற வருசம் நானே கோச் பண்ணுறன். அந்த மனிசனை நிப்பாட்டுறதெண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது, கௌரவமாச் செய்வம்."

கௌரவம் என்றதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் பிரேரிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, மாஸ்டரின் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா. நான் கையைத் தூக்கி, "மாஸ்டரைப் போஷகரா ஆக்கவேணுமெண்டு பிரேரிக்கிறன்" என்றேன். ஆமோதிக்க நாலு கை எழும்பியது.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த மனிசன் உங்களுக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன் கையைத் தூக்கினீங்கள்?"

நான் தொலைக்காட்சியைப் போட்டேன்.

ஆண்டு விழாவுக்கு மாஸ்டர் கோட்டும் டையுமாக வந்தார். மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள், தலைவர் பொன்னாடை போர்த்தினார். மண்டபம் எழுந்து கைதட்டியது. மாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்து "வணக்கம்" என்றார். விளையாடிய காலத்திலும் கோச்சாக இருந்த காலத்திலும் ஒருவரும் தன்னை இப்படி மதித்ததில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் இருந்த பழைய போஷகர்கள் ஆறு பேரும் தங்கள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு வரிசையில் என்னிடம் வந்து, "போஷகருக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"அது கோச்சைவிடப் பெரிய பதவி" என்றேன். பொய் இல்லை. ஆனாலும் கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தலைவர் போன் எடுத்தார். "தம்பி, அந்தாளுக்கு விளங்கேல்லைப் போல. வாற சீசனுக்குத் திட்டம் எழுதி எனக்கு மெசேஜ் போட்டிருக்கு. நீர் கொஞ்சம் வெள்ளனப் போய்ச் சொல்லும்."

"நானோ? நீங்கள் தலைவர், அண்ணை."

"நீர்தானே பிரேரிச்சது."

ஒன்பதரைக்குப் போனேன். குளிர். மாஸ்டர் கேற்றைத் திறந்து வைத்து, கூம்புகளை அடுக்கி, கயிற்றையும் எடுத்துப் போட்டிருந்தார். பொன்னாடையை மஃப்ளர் போலக் கழுத்தில் சுற்றியிருந்தார், சரிகை வெயிலில் மினுங்கியது. எங்கள் ஆட்களில் ஒருவரும் தங்கள் பொன்னாடையை அலுமாரிக்கு வெளியே எடுத்ததில்லை.

சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோலக் குனியலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வானுக்குள் அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து நின்று சொன்னேன். பொன்னாடைக்கு எங்களிடம் என்ன அர்த்தம் என்று சொன்னேன், இனி அவர் கோச் இல்லை என்று சொன்னேன். பிரேரித்தவன் நான் என்பதையும் அவர் கேட்கமுதல் சொன்னேன்.

"முழங்காலுக்காகவா?"

"ஓம்" என்று தமிழில் வாயில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

கழுத்திலிருந்த பொன்னாடையைத் தடவிப் பார்த்தார். "வெறும் ஆணியைவிட இது நல்ல துணி" என்றார். அதைக் கழற்றவில்லை. கயிற்றை அழகாகச் சுருட்டி என் கையில் தந்துவிட்டு வேலிக்கு அப்பால் போனார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை, பன்னிரண்டு மணிக்குக் கேற்றைப் பூட்ட வேண்டும்.

பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். தலைவர் ஊதுகுழலோடு வந்து, "கயித்தை விடும் தம்பி, பந்தை எடுங்கோ" என்றார். நான் பழையபடி ஸ்டொப்பர், பல்வைத்தியர் வெளியே. இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. மாஸ்டர் இல்லாத பின்களத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் நின்றோம். முதல் பந்தே என் வலப்பக்கத்தால் வந்தது. திரும்பினேன், முழங்கால் பிந்தித் திரும்பியது. பந்து போய் வலைக்குள் விழுந்தது. எல்லாரும் பந்தைப் பார்த்துக் கத்தினார்கள். எனக்கு வேலிப்பக்கம் கண் போயிற்று. பொன்னாடையைக் கழுத்தில் சுற்றியபடி மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பந்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.