கடலுக்குள் கொண்டுபோன தாம்பூலப் பை

தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக் கூடாது என்றுதான் நானும் மனைவியும் அந்தமானுக்குப் போனோம். மயிலாப்பூரில் காய் வாங்கப் போனாலே நாலு பேர் நிறுத்தி, பையனுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்கிறார்கள். ஸ்கூபா டைவிங்கில் எல்லார் வாயிலும் குழாய் இருக்கும். கேட்க முடியாது.

படகில் மாற்றுத்துணியை மனைவி ஒரு தாம்பூலப் பையில் வைத்திருந்தாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்தது; மணமக்கள் பெயர் பெரிதாக அச்சடித்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் காசு கொடுத்துப் பை வாங்குவதில்லை.

கடலடியில் நிஜமாகவே நன்றாக இருந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, எதுவும் கேட்காமல் போயின. முகமூடி போட்ட ஒரு பெண்மணி கையாட்டினார். மரியாதைக்கு நானும் ஆட்டினேன்.

மேலே வந்ததும் அவர் முகமூடியைக் கழற்றி, பையைக் காட்டி, "நீங்க பொண்ணாத்துக்காராளா, பிள்ளையாத்துக்காராளா?" என்றார். அவர் அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளைக்குப் பெரியம்மாவாம். வீடு மந்தைவெளி. நாங்கள் பெண் வீடு. ஆகவே சாப்பாட்டுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அன்றைய ரசத்தில் உப்பு தூக்கல் என்று, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரை வரை சொன்னார். இறங்கும்போது, "உங்க பிள்ளைக்கு எப்போ கல்யாணம்?" என்றார்.

சென்னைக்குத் திரும்பியதும் ஏறிய ஆட்டோவில், நாங்கள் கடலடிக்குப் போன கதையை மனைவி சொன்னாள். ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள இன்னா சார் கீது?"

"மந்தைவெளி" என்றேன்.