இறங்கி வருகிறவர்கள்

“ஒதுங்குடா, ஆளுக எறங்கி வாராக” என்று இருளாயி மகனின் சட்டையைப் பிடித்துப் பாறையோரம் இழுத்தாள். தங்கதுரை மேலே பார்த்தான். ராயக்கோட்டை மலைப்பாதையில் ஒருவரும் இல்லை. ஏறத் தொடங்கியதிலிருந்தே அம்மா இப்படித்தான்.

எழுபது வயதில் அவள் மலையேற வந்தது பந்தயத்துக்காக. ஓசூர் வீட்டில் அவளைத் தனியே விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போக அவனுக்குப் பயம். பரமக்குடியில் இருக்கும் அண்ணனிடம் அனுப்பிவிடப் பார்த்தான். “மலையேறிக் காட்டுறேன். ஏறிட்டா இங்கிட்டுத்தான் இருப்பேன்” என்றாள். சொன்னபடியே ஏறினாள். மூச்சு வாங்கியது அவனுக்குத்தான்.

“யாரும்மா வாராக?”

“கண்ணாடி போட்டும் தெரியலையாக்கும்” என்று சிரித்தாள்.

புத்தி பிசகிவிட்டது, அனுப்பிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான். அப்போது பாதையின் குறுக்கே நீண்டிருந்த முள்கிளை, யாரோ கையால் விலக்கிவிட்டதுபோல் வளைந்து திரும்பியது. சற்று நின்று மறுபடியும் வளைந்தது. மறுபடியும். காற்றே இல்லை. கிளை ஓய்ந்த பிறகுதான் இருளாயி பாதையில் கால் வைத்தாள்.

உச்சியிலிருந்த கோட்டைச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். இறங்கும்போது அவள் எங்கும் ஒதுங்கவில்லை.

“இப்ப யாரும் வரலையா?”

“எல்லாரும் நமக்கு முன்னாடியே எறங்கிட்டாகளே.”

மறுநாள் அவனுக்கு முதல் ஷிஃப்ட். பந்தயப்படி வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்தான். மாடிப்படியில் எதிரே யாரும் ஏறி வரவில்லை. சுவரோரமாக ஒதுங்கியே இறங்கினான். கம்பெனி பஸ் நேரத்துக்கு வந்தது.